மீன் கம்பெனியில் தங்கிப்போன வார்த்தைகள்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்கள் முடிந்து மீன் கம்பெனிகள் தொடங்குகிற இடத்தில், ஞானமுத்து அண்ணாச்சியின் குளிர்பதனக் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனியில் பேசுகிற பேச்செல்லாம் வெளியே போகிறதே என்று அண்ணாச்சிக்கு ஒரு மனக்குறை இருந்தது. அந்த மனக்குறை தீர மதுரையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பெட்டி வந்த பிறகு பேச்சு வெளியே போகவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனாலும் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் ஒரு கல்யாணம் வந்துவிடும்.

இறாலை என்ன விலைக்கு எடுக்கிறார்கள், கணவாயை எந்தக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்பதைக் காலையில் செல்போன் குரூப்பில் போட்டால், மத்தியானச் சோற்றுக்குள் பக்கத்துக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது. கீழே மீன் வெட்டுகிற ஹாலிலோ வேறு சங்கடம். தலைக்குல்லா, ரப்பர் பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போன ஆட்கள் ஒரு வார்த்தை பேச மேலே வந்தால்கூட, திரும்பக் கையைக் கழுவி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துத்தான் உள்ளே போக முடியும். அதனால் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் இருந்த இடத்திலிருந்தே கணினியில் தட்டிப் பேசவும், திரையில் முகம் பார்த்துக் கூட்டம் போடவும், அதெல்லாம் நம்முடைய கட்டடத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் தங்கவும் ஏற்பாடு செய்யலாம் என்று கம்ப்யூட்டர் மாட்டுகிற மதுரைப் பையன் இன்பசேகர் சொன்னான்.

“செல்போன் குரூப்புங்கிறது தெருக்குழாய் மாதிரி சார். யார் வேணும்னாலும் குடம் வைக்கலாம். இது உங்க வீட்டுக் கிணறு. சர்வர்னு பேரு.”

“கிணத்துல எட்டிப் பாக்க முடியாதுல்லா?”

“முடியாது சார்.”

பழைய ஐஸ் கட்டி அடுக்குகிற அறையைக் கழுவிக் காயவிட்டு, ஏசி மாட்டி, கறுப்புப் பெட்டியை நிறுத்தி, சுவர் ஓரமாக நீல வயர்களைக் கீழே ஹால்வரைக்கும் இழுத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பேரும் ஒரு கடவுச்சொல்லும் கொடுத்தான். எல்லாம் முடிந்ததும், ஆட்டுக்குட்டி வாங்கினாலும் ஜெபம் பண்ணித் தொழுவத்தில் விடுகிற ஊர் என்பதால், சபைப் போதகரை அழைத்தார்கள். அவர் பெட்டியின் மேல் கையை வைத்தபோது அண்ணாச்சி அவர் காதில் ஏதோ சொன்னார். போதகர் தலையை ஆட்டிவிட்டு, “ஆண்டவரே, இதற்குள் மனதாரப் பேசப்படும் ஒரு வார்த்தையும் இந்த வாசலைத் தாண்டாதபடி காத்துக்கொள்ளும்” என்று உருக்கமாக வேண்டினார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எல்லாரிலும் சத்தமாகச் சொன்னவள் ரூபாவதி.

வருஷக்கணக்காக முழங்காலில் நின்று கேட்ட எத்தனையோ ஜெபங்கள் பதில் இல்லாமல் கிடக்க, இந்த ஜெபம் அன்றைக்கே கேட்கப்பட்டது.

ரூபாவதிக்குக் கம்பெனியில் லோடு அனுப்புகிற மேஜை. எந்த வண்டிக்கு எந்தப் பெட்டி என்று குளிர் அறைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணாச்சி கூப்பிட்டுக் கொடுத்தது. ஒரே மகள் சுகிர்தா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாராவது தலைவலி என்று சொன்னால்கூட “ஜெபிக்கிறேன்” என்பாள் ரூபாவதி. சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லை, சாயங்காலம் பாயை விரித்து அந்தத் தலைவலிக்குப் பேர் சொல்லி ஜெபிப்பாள். தமிழில் தட்டுவதற்கு இன்பசேகர் கற்றுக்கொடுத்ததும் அவளுக்குப் பெரிய சந்தோஷம். மேஜையை விட்டு எழும்பாமலே அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஆசீர்வாதம் அனுப்பலாமே. முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்து, கணக்குப் பிள்ளை ஆபிரகாமுக்குச் சமாதானம், ஐஸ் பிளாண்ட் தம்பிக்கு நல்ல துணை, வாசலில் இருக்கிற மீரான் பாய்க்கு ஆரோக்கியம் என்று அனுப்பி, கடைசியாக எல்லாருக்கும் பொதுவாக, ‘என் மகள் சுகிர்தாவுக்கு உடன்குடியில் சம்பந்தம் முடிந்திருக்கிறது, மனதார வாழ்த்துங்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஆமென்’ என்று தட்டினாள். தட்டும்போது கண் கலங்கியது. அவ்வளவு மனசு வைத்துத் தட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாயை விரித்து மகளும் தாயும் முழங்கால் போட்டபோது, ரூபாவதி வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. வலி இல்லை, இழுப்பு இல்லை, நாக்கு புரளுகிறது, தொண்டை சரியாக இருக்கிறது. ஆனால் ஆண்டவரே என்கிற சொல் இருக்க வேண்டிய இடத்தில், பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி, மழமழவென்று ஒரு வெறுமை. அடுத்ததைத் தேடினாள், அதுவும் இல்லை. ஆசீர்வாதம் இல்லை, சமாதானம் இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. பயந்துபோய் மகளைக் கூப்பிடப் பார்த்தாள். அதுவும் இல்லை.

“என்னம்மா, எம்பேரு மறந்துபோச்சா?”

“மறக்கலட்டி. நெஞ்சுல நிக்கு. வாய்க்கு ஏற மாட்டேங்குது.”

பேப்பரில் எழுதச் சொன்னாள் சுகிர்தா. பேனா அந்த இடத்துக்கு வந்ததும் உலர்ந்துபோனது.

மறுநாள் கம்பெனி வாசலைத் தாண்டின உடனே எல்லா வார்த்தையும் எறும்பு வரிசை மாதிரி வாய்க்குத் திரும்பி வந்தது. அவளுக்கு மட்டும் அல்ல என்று தெரிந்தது. மனசு வைத்து அந்தப் பெட்டிக்குள் யார் எதைச் சொன்னாலும், தட்டினாலும், அது சொன்னவருக்குக் கட்டடத்துக்குள்ளேதான்; வாசலுக்கு வெளியே கிடையாது. நான், நீ, அது, இது, வா, போ என்று மனசில்லாமல் வந்து விழுகிற வார்த்தைகளைப் பெட்டி சீந்தவில்லை. மனசோடு வந்ததை மட்டும் வைத்துக்கொண்டது. இன்பசேகர் வந்து வயர்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “கோளாறு ஒண்ணும் இல்ல சார். கேட்டது கேட்டபடி வேலை செய்யுது.” டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

ஊரும் மெல்லப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை நம்முடைய ஜனங்கள். மளிகைக் கடைக்காரர் கம்பெனி ஆள் ஒருத்தர் பாதி வாக்கியத்தில் நின்றால், அவசரப்படாமல் ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுக் காட்டினார். மினிபஸ் கண்டக்டர் அவர்களுடைய முகத்தைப் பார்த்தே சீட்டுக் கிழித்தார். சபையில் கம்பெனி ஆட்கள் சாட்சி சொல்ல எழும்பினால், அவர்கள் தடுக்கி நிற்கிற இடங்களில் சபையார் வார்த்தையை எடுத்துக்கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அப்பா நிறுத்தின இடத்தில் கழுதை என்றும் கத்தரிக்காய் என்றும் சொருகிச் சிரித்தார்கள். ஐஸ் பிளாண்ட் தம்பி, காதலிக்கிற பெண்ணிடம் பேச வார்த்தை போதாமல் லைப்ரரியில் போய் அகராதி புரட்டி, கடற்கரையில் வைத்து அவளை “அணங்கே” என்று கூப்பிட்டான், அவள், “யாரைப் பாத்து என்ன சொல்லுதிய?” என்று செருப்பைக் கழற்றப் போனாள்.

கணக்குப் பிள்ளை ஆபிரகாம் வீட்டில்தான் பெரிய சண்டை. இருபது வருஷமாக மனைவியை ‘கண்ணு’ என்று கூப்பிட்டு வந்த மனுஷன் ஒருநாள் சாயங்காலம் அந்த வார்த்தை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். “அது ஏன் வாயில வரல? அங்க யாருக்குத் தட்டுனிய?” என்று அவர் மனைவி கேட்ட கேள்வி தெருக்கோடிவரைக்கும் கேட்டது. அவர் சபை முன்னால் வந்து, செத்துப்போன கம்பெனிப் பூனையைப் பற்றி மீரான் பாய்க்கு எழுதினதாகச் சத்தியம் பண்ணினார். பூனை செத்தது உண்மைதான்.

கட்டடத்துக்குள் வந்தால் பேசலாமே என்று வீட்டு ஆட்கள் கொஞ்ச நாள் வாசலில் கூடினார்கள். மீரான் பாய் நல்ல மனுஷர், கேட்டைத் திறந்து சைக்கிள் கொட்டகைவரைக்கும் விடுவார். புருஷன் பெண்டாட்டி அங்கே நின்று சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். ஆனால் போதகர் பண்ணின ஜெபம் ஜெபம்தான். உள்ளே கேட்ட வார்த்தையை யாரும் வெளியே கொண்டுபோக முடியவில்லை. வாசலைத் தாண்டினதும் கேட்டது மறந்துபோகும். சுகிர்தாவும் ஒருநாள் நைட் டூட்டி முடித்துவிட்டு நேராக வந்தாள். கொட்டகையில் வைத்து ரூபாவதி மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“என்னம்மா சொன்னே? கன்னமெல்லாம் ஈரமா இருக்கு. நீ என்ன சொன்னே?”

அதற்கப்புறம் அவள் வரவில்லை. மற்ற வீட்டு ஆட்களும் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள்.

அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவருக்குத் தட்டத் தெரியாது. திரைக் கூட்டத்தில் தலையை மட்டும் ஆட்டுவார், ஆகாதென்றால் கையைக் குறுக்கே வீசுவார். அதனால் அவர் வார்த்தைகள் அவரிடமே இருந்தன. இறால் விலை வெளியே போகவில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கம்பெனி ஆட்களைத் தேநீர்க் கடையில் உட்காரவைத்துக் கேட்டாலும், அவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். வார்த்தை போய்விடுமே என்று பயந்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பத் தொடங்கியபோது, அண்ணாச்சி இன்பசேகரை விட்டு அறிவிப்பு ஒட்டினார்: கட்டைவிரல் கூடாது, பதிலை வார்த்தையில் எழுத வேண்டும். சம்பளம் வாங்குகிற ஆட்கள் எழுதினார்கள். மனசை வெளியே வைத்துவிட்டு எழுதப் பழகினார்கள்.

ரூபாவதிக்கு மனசை வெளியே வைக்கத் தெரியவில்லை. ‘அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல், ஜெபிச்சுக்கோங்க’ என்று யாராவது தட்டினால், போகப்போவது தெரிந்தும், சுகம் என்கிற வார்த்தையைத் தட்டினாள். கிருபை என்று தட்டினாள். கைவிடமாட்டார் என்று தட்டினாள். ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. சாயங்காலம் பாயில் முழங்கால் போட்டு, வாயை மூடிக்கொண்டு, சும்மா இருந்தாள்.

கீழே ஹாலில் சுடலைமணி சூப்பர்வைசர். அவர் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலை சுணங்கினால் திரையில் முகத்தைக் கொண்டுவந்து அவர் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. அத்தனையும் அடிமனசிலிருந்து வருகிற வார்த்தைகள். அதனால் பெட்டி அத்தனையையும் பிடித்து வைத்துக்கொண்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் மனைவி இசக்கியம்மாள்மேல் பாய வாயைத் திறப்பார், பாதி வருவதற்குள் சத்தம் நின்றுவிடும். வார்த்தை வராமல்போனதும் ஓங்கின கையும் என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கிவிடும். இரண்டு பிள்ளைகளும் முதலில் கட்டிலுக்கடியில் இருந்து எட்டிப் பார்த்தன. பிறகு வெளியே வந்தன. பிறகு அப்பா எதிரிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. இசக்கியம்மாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிச்சிப்பூச் சரம் ஒன்றைக் கொண்டுவந்து மீரான் பாயிடம் கொடுப்பாள். “அந்தப் பெட்டிக்குப் போட்டிருங்க பாய்.” அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டியின் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்.

“அவ்வளவு ஏச்சு வாங்கியும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலியாட்டி?” என்று ரூபாவதி ஒருநாள் மீன் வெட்டுகிற பெண்களைக் கேட்டாள்.

“வாசலைத் தாண்டுனதும் மறந்துபோகுது யக்கா,” என்றாள் ஒருத்தி. “காது மட்டும் காந்துது. ஏன் காந்துதுன்னு தெரியாது.”

இப்படி இருக்கையில் கல்யாணத் தேதி நெருங்கியது. அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண் கோயிலுக்குப் புறப்படுகிறபோது, வீட்டுப் படி இறங்குவதற்கு முன்னால் முழங்காலில் நிற்பாள். பெற்றவர்கள் தலையில் கை வைத்து, சொந்த வாயால் ஜெபம் பண்ணி அனுப்புவார்கள். புத்தகம் பார்த்துப் படிக்கிறது இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை, நர்ஸிங் சேர்ந்த நாள், முதல் நைட் டூட்டி, எதற்கும் அம்மா ஜெபிக்காமல் சுகிர்தா படி இறங்கினதில்லை.

“போதகர் வந்து பண்ணுவாருட்டி,” என்று ரூபாவதி சொல்லிப் பார்த்தாள்.

“அவரு ஜெபம் ஊருக்கெல்லாம் உள்ளது. எனக்கு ஒன் ஜெபம் வேணும். அப்பாவும் இல்ல. நீயும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்னா நான் எதைக் கொண்டுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்?”



அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பழுது. பேட்டரியும் தீர்ந்து, பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. அந்த நேரம் ரூபாவதி வீட்டில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாய் நிறைந்தது. “சுகிர்தா!” என்று கத்தினாள். “சுகிர்தா, என் தங்கமே, சுகிர்தா!” மகள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள். தெருவெல்லாம் கம்பெனி வீடுகளில் இப்படிச் சத்தம். ஆபிரகாம் வாசலில் நின்று கண்ணு கண்ணு என்று அழுதார். ரூபாவதி மிளகாய்க் கையோடு மகள் கன்னத்தைப் பிடித்தாள், எரியுதும்மா எரியுதும்மா என்று மகள் சிரித்தாள். அப்போது இரண்டு தெரு தள்ளி, சுடலைமணி வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாதக்கணக்காக அடைத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற சத்தம். பிறகு பாத்திரம் விழுகிற சத்தம். பிறகு பிள்ளைகள். கரண்ட் வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. ரூபாவதியின் வாயும் காலியானது.

மறுநாள் காலையில் அவள் அண்ணாச்சியின் அறைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, கல்யாணத்தன்னிக்குக் காலைல அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கணும். எம்பிள்ளை தலையில கை வச்சு ஜெபிச்சு அனுப்புத நேரம் மட்டும்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, கணவாய் லோடு அன்றைக்கு இருக்கிறதே என்று கொஞ்சம் யோசித்தார், அவ்வளவுதான்.

“ஏ ரூபா, இத்தனை வருஷத்துல நீ ஒண்ணு கேட்டு வந்ததில்ல. அணைச்சிரச் சொல்லுதேன். விலை வெளிய போனாப் போவுது.”

செய்தி கம்பெனி முழுக்கப் பரவியது. எல்லாருக்கும் ஒரு திட்டம் இருந்தது. ஆபிரகாம் மனைவிக்கு என்னென்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். ஐஸ் பிளாண்ட் தம்பி முடி வெட்டிக்கொண்டான். ‘யக்கா, ஒங்க புண்ணியத்துல’ என்று ரூபாவதிக்குத் தட்டினார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், பந்தல்காரர் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறபோது, இசக்கியம்மாள் ஒரு எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே நீலம் இன்னும் மஞ்சளாக மாறவில்லை. குடத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“யக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்படாது.”

“கேளுட்டி.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு அணைக்காவ? எத்தனை மணிக்குத் திரும்பப் போடுவாவ?”

ரூபாவதி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இல்ல, அந்த நேரத்துக்குப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு கடற்கரைக்குப் போயிரலாம்னு பாத்தேன். நேரம் தெரிஞ்சா நல்லது. முன்னபின்ன ஆயிட்டுன்னா…” இசக்கியம்மாள் சிரித்தாள். “வேற ஒண்ணும் இல்ல யக்கா. நீங்க நல்லா ஜெபிங்க. ஒரே பிள்ளைல்லா.”

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கெஞ்சவில்லை, அழவில்லை. கடற்கரையில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதுதான் ரூபாவதியைக் கொன்றது.

இசக்கியம்மாள் போன பிறகு ரூபாவதி பாயை விரித்தாள். பந்தல்காரர் ஆணி அடித்தார், சமையல்காரர் வெங்காயம் எங்கே என்று கேட்டார், சொந்தக்காரர்கள் குளிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அவள் முழங்காலில் நின்றாள். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்பவா என்று கேட்க நினைத்தாள், கேட்க வார்த்தை இல்லை. இன்னொருத்தி பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் திரும்ப அனுப்பவா என்று கேட்க நினைத்தாள், அதற்கும் இல்லை. வார்த்தை இல்லாததால் சுற்றி வளைக்க முடியவில்லை. இரண்டும் நேருக்கு நேராக அவள் எதிரே நின்றன. எழும்பி, கட்டியிருந்த சேலையோடு ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனாள். வாசலைத் தாண்டினதும் வார்த்தைகள் ஓடிவந்தன. அவற்றை எதற்கும் உபயோகிக்காமல் அண்ணாச்சியிடம், “அணைக்க வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினாள்.

காலையில் சுகிர்தா வெள்ளைப் பட்டுச் சேலையில், தலையில் முக்காடு போட்டு, கையில் பூச்செண்டோடு உள் அறையிலிருந்து வந்தாள். வீடு நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைத்துப்போக வந்த பெண்கள். சுவர் ஓரமாகக் கம்பெனி ஆட்கள், பெட்டி அணையாதது தெரிந்து, கொஞ்சம் முகம் வாடி. கடைசியில் வாசல்படியில் இரண்டு பிள்ளைகளோடு இசக்கியம்மாள், கடற்கரைக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அணைக்கவில்லை என்று ரூபாவதி மகளிடம் விடியற்காலையிலேயே சொல்லியிருந்தாள். ஏன் என்றும் சொன்னாள். சுகிர்தா ஒன்றும் பேசாமல் கண்ணாடி முன்னால் திரும்பிக்கொண்டாள். பேசியிருந்தாலாவது தேவலை.

பிள்ளை முழங்காலில் நின்றாள். போதகர் ஜெபம் பண்ண ஒரு அடி எடுத்துவைத்தார். ரூபாவதி அவரைக் கையால் நிறுத்திவிட்டு, மகள் தலையில் கை வைத்தாள்.

வாயைத் திறந்தாள். கூப்பிட ஆண்டவருடைய ஒரு பேரும் இல்லை. எல்லாப் பேரையும் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் கொடுத்துவிட்டாள். நின்றாள். ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எய்யா,” என்றாள் ரூபாவதி.

அப்பனையும் பிள்ளையையும் கூப்பிடுகிற வார்த்தை. ஆபீஸில் யாரும் யாருக்கும் தட்டாத வார்த்தை. அது இருந்தது.

“எய்யா, இவ எரிப்பு தாங்க மாட்டா. மொளகா ஒண்ணு கூடுனா தண்ணி தண்ணின்னு பறப்பா. காலைல எழுப்புனா ஒடனே எந்திரிக்க மாட்டா, மூணுதரம் உலுக்கணும். இடி இடிச்சா போர்வைக்குள்ள போயிருவா, சிரிக்கப்படாது. கோவம் வந்தா பேச மாட்டா, தட்டைக் கழுவிக்கிட்டே இருப்பா, கழுவுன தட்டையே கழுவுவா. அப்பம் பக்கத்துல போயி ஒரு துணியை எடுத்துக்கிட்டு தட்டைத் தொடச்சா போதும். எடது காதுல சீழ் வந்த பிள்ளை, மழையில நனைய விடப்படாது. கொழுக்கட்டைன்னா உசிரு. தூக்கத்துல பல்லைக் கடிப்பா. நான் முழிச்சிருந்து தட்டிக் குடுப்பேன். இனிமே நீரு முழிச்சிரும். எனக்கு எட்டாது, ஒமக்கு எட்டும். பாத்துக்கிடும்.”

நின்றாள். முடிக்கிற வார்த்தையும் அவளிடம் இல்லை. முதல் நாளே போனது அது. கம்பெனி ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களிடமும் இல்லை, அவள் அனுப்பின ஒவ்வொரு ஜெபத்துக்கும் மனதாரத் தட்டித் தட்டித் தீர்த்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் வரும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். போதகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது வாசல்படியிலிருந்து, சபைக் கோயிலுக்குள் ஒருநாளும் கால் வைக்காத இசக்கியம்மாள், சரியாகச் சொல்லுகிறோமா என்று தெரியாமல், பிள்ளைகளின் தலைக்கு மேலே கூச்சத்தோடு சொன்னாள்:

“ஆமென்.”

சுகிர்தா எழும்பவில்லை. தாயின் முந்தானையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். பிறகு எழும்பிப் படி இறங்கினாள். கார் கதவருகில் மாமியார், “மழை வாறாப்ல இருக்கு, காதை மூடிக்கோ தாயி” என்று முக்காட்டை இழுத்துவிட்டார். ரூபாவதி அதைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். பெட்டியின் மேல் பிச்சிப்பூச் சரம் வாடிக் கிடந்தது. கீழே திரையில் சுடலைமணி ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். ரூபாவதி காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அணைக்க வேண்டாம் என்று சொன்னவள் தான்தானே, அதுவும் தன் கணக்கில் சேரட்டும் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கணினியைத் திறந்ததும் செய்திகள் வரிசையாக வந்தன. அக்கா, அன்னைக்குப் பண்ணுன ஜெபம் மாதிரி கேட்டதே இல்ல. யக்கா, எம்மகளுக்கும் ஆவணியில கல்யாணம், அந்த ஜெபத்தை ஒருதரம் இதுல எழுதுங்க. ரூபாக்கா, எழுதுங்க. எல்லாருக்கும் ஆசையாக இருந்தது. கேட்டால் இல்லை என்று ஒருநாளும் சொல்லாதவள்.

விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தாள். எய்யா என்று முதல் எழுத்தைத் தேடினாள். சுகிர்தா தலைக் கிறிஸ்துமஸுக்கு வருவாளோ, தலைப் பிரசவத்துக்கு வருவாளோ; வரும்போது வீட்டில் தலையில் கை வைக்கவேண்டியிருக்கும்.

விரலை எடுத்துவிட்டாள். கூடாது என்கிற அறிவிப்பு இன்னும் சுவரில் ஒட்டியிருக்க, அத்தனை பேருக்கும் கட்டைவிரலை அனுப்பிவிட்டு, கணவாய் லோடு எந்த வண்டி என்று கேட்டுக் கீழே தட்டத் தொடங்கினாள்.